வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு: பெங்களூரில் நான் பட்ட பாடு

பெங்களூரில் சொந்த சைட் வைத்திருக்கிற நம்ம ஆட்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும். பின்னால் இடம் சும்மா கிடக்கிறது, அங்கே சின்னதாக ஒரு வீடு போட்டால் வயதானவர்களுக்கு ஆகும், பிற்பாடு வாடகைக்கும் விடலாம். எனக்கும் வந்தது. 3,35,000 ரூபாய் திரும்பி வராமல் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் அலைச்சல். வீட்டுக்காரர் மஸ்கட்டில், தம்பி சேலத்தில். எல்லா ஆபீஸ் வாசலிலும் நான் ஒருத்திதான் நின்றேன். யாராவது முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி செலவு மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் வீடு பானஸ்வாடி பக்கம். அப்பா ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வாங்கிய பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) சைட், 40க்கு 60 அடி. தொண்ணூறுகளில் கட்டிய தரைத்தள வீடு, சுமார் 1,150 சதுர அடி. அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார். முட்டி வலி, மாடி ஏற முடியாது. ஆனால் மருமகன் வீட்டில் இல்லாவிட்டாலும் மகள் சமையலறையில் நின்று தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ள அவருக்கு ஒரு சங்கடம். "எனக்குன்னு ஒரு அடுப்பு, ஒரு பாத்ரூம், அது போதும்டி" என்பார். அதனால் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லும் தென்னை மரமும் இருக்கிற இடத்தில் 450 சதுர அடியில் ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன் என்று தீர்மானம் ஆனது.

தெரிந்தவர்கள் மூலமாக வந்த மேஸ்திரி தர்மபுரிக்காரர். நன்றாகப் பேசுவார், வேலையும் சுத்தம் என்று சொன்னார்கள். சதுர அடிக்கு 2,100 ரூபாய் என்று பேசி, மொத்தம் ஒன்பதரை லட்சத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார். பிளான் அப்ரூவல் வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "அக்கா, உங்க சைட்ல நாலாயிரத்து இருநூறு அடி வரைக்கும் கட்டலாம். இருக்கறது ஆயிரத்து நூத்தி அம்பது. இன்னும் நானூத்தம்பது போட்டா யார் கேக்கப் போறா? அப்படியே கேட்டா கார் ஷெட்னு காட்டிக்கலாம்" என்றார். 4,200 என்ற கணக்கு உண்மைதான். அதுதான் இதில் பெரிய விஷமம். 3,00,000 அட்வான்ஸ், அதுபோக "ஆபீஸ் செலவுக்கு" என்று தனியாக 50,000 வாங்கிக்கொண்டார். அந்த ஐம்பதாயிரம் எந்த ஆபீஸுக்கும் போகவில்லை என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. போயிருந்தாலும் ரசீது இல்லாத பணம் நமக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

2025 பிப்ரவரியில் குழி வெட்டி, அஸ்திவாரத்துக்கான புட்டிங் கான்கிரீட் போட்டு, காலம், அதாவது தூண்களுக்கான கம்பி நிறுத்தியாகிவிட்டது. அந்த மாதம்தான் குடிநீர் வாரியம், கட்டுமானத்துக்கும் கார் கழுவுவதற்கும் குடிதண்ணீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று மறுபடி உத்தரவு போட்டிருந்தது. டேங்கர் தண்ணீர் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தும் ஆட்கள் காவேரி லைனில் ஹோஸ் மாட்டி கான்கிரீட்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி முதலில் அதைத்தான் கேட்டார். அதற்கு மேஸ்திரி ஏதோ எடக்காகப் பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் வார்டு இன்ஜினியர் வந்து நின்றார். "சாங்ஷன் பிளான் தோரிசி மேடம்", அனுமதி வாங்கிய பிளானைக் காட்டுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். என்னிடம் இருந்தது 1994 பிளான் மட்டும். கூட வந்த பையன் டேப்பைப் பின் காம்பவுண்டு சுவரில் வைத்து இழுத்தான். காலம் கம்பி வரைக்கும் ஒன்றே முக்கால் அடி. இன்ஜினியர் அதைக் குறித்துக்கொண்டு பக்கச் சுவரையும் அளக்கச் சொன்னார், அங்கே அதுவும் இல்லை. மேஸ்திரி போனை எடுக்கவில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பயந்து போய் மூலையில் உட்காராதீர்கள் என்பதுதான் இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது. முதலில் வருவது தற்காலிக உத்தரவு, அதோடு விளக்கம் கேட்டு நோட்டீஸ். நாம் எழுத்தில் பதில் கொடுத்த பிறகோ, கொடுக்காமல் விட்டாலோதான் உறுதி உத்தரவு வரும். இடிக்கிற பேச்செல்லாம் அதற்குப் பிறகு. அதனால் கெடுவுக்குள் பதில் எழுதி, கொடுத்ததற்கு முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நிறுத்திவிட்டோம், விதிப்படி இல்லாத பகுதியை நாங்களே எடுத்துவிடுகிறோம், முறைப்படி பிளான் போடப் போகிறோம் என்று கன்னடத்தில் எழுதி, போட்டோவோடு கொடுத்தேன். அதற்கு மேல் அது போகவில்லை. வாய்ப்பேச்சில் "சரி பண்ணிடலாம் மேடம்" என்று சொல்ல ரெண்டு புரோக்கர்கள் அதே வாசலில் வந்தார்கள். ஏற்கெனவே ஐம்பதாயிரம் பாடம் படித்தாயிற்று.

அப்புறம் ஒரு ஆர்க்கிடெக்டிடம் போனேன். காசு கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதில்தான் விஷயமே விளங்கியது. நம் பேச்சில் அவுட்ஹவுஸ், பின்வீடு, ஷீட் வீடு என்று ஆயிரம் இருந்தாலும், ஒரு சைட்டில் எத்தனை கட்டினாலும் எல்லாம் சேர்த்து ஒரே கணக்குதான். தனிச் சமையல், தனிக் கழிப்பறை வந்துவிட்டால் அது தனி வீடு. அதைக் கார் ஷெட் என்று எழுதினால் அது கார் ஷெட் ஆகிவிடாது. அந்தக் கணக்கில் மூன்று அளவுகோல் உண்டு, மூன்றிலும் தேறினால்தான் தேறியது. ஒன்று எஃப்.ஏ.ஆர்., அதாவது எல்லாத் தளமும் சேர்த்து சைட் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பது. 2015 மாஸ்டர் பிளான் விதிப்படி எங்கள் மாதிரி சின்ன சைட்டுக்கு 1.75, அதாவது 2,400 சதுர அடிக்கு 4,200. மேஸ்திரி சொன்னது இது. ரெண்டாவது, தரையில் எவ்வளவு இடத்தை மூடலாம் என்பது. 75 சதவீதம், எங்களுக்கு 1,800. இதிலும் நான் தேறிவிடுவேன், 1,150உம் 450உம் 1,600தான். மூன்றாவதுதான் செட்பேக். முன்னால், பின்னால், பக்கவாட்டில் வானம் பார்க்க விட வேண்டிய இடம். அது சைட்டின் அகல நீளத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து அட்டவணையில் இருக்கிறது. மேஸ்திரிகள் முதல் கணக்கை மட்டும் சொல்லி மயக்குவார்கள். பின்வீடு என்பதே பெரும்பாலும் செட்பேக்கைத் தின்றுதான் எழும்பும். 40க்கு 60இல் முன்வீடு நடுவில் உட்கார்ந்திருந்தால் பின்னால் மிஞ்சுவது அதிகம் இல்லை. அதற்கும் முன்வீட்டுக்கும் நடுவே காற்று வெளிச்சத்துக்கு விட வேண்டியதையும் கழித்துவிட்டால் ஒரு பாத்ரூம்தான் கட்டலாம். இந்த அட்டவணை அவ்வப்போது திருத்தப்படுவதால் யாரோ யூடியூபில் சொன்ன அடிக்கணக்கை நம்பாமல், நீங்கள் பிளான் போடுகிற தேதியில் எது நடப்பில் இருக்கிறதோ அதை ஆர்க்கிடெக்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முன்னெல்லாம் கட்டிட்டு கரண்ட் வாங்கிடுவாங்க. இப்ப முடியாதும்மா" என்றார். 2024 டிசம்பர் 17 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரப்பிரதேச வழக்கில் தீர்ப்புச் சொல்லி, நாடு முழுக்கப் பொருந்துகிற மாதிரி சில கட்டளைகள் போட்டது. கட்டுகிற இடத்தில் அனுமதித்த பிளானை மாட்டி வைக்க வேண்டும். ஓ.சி., அதாவது பிளான்படிதான் கட்டியிருக்கிறது, குடியேறலாம் என்று உள்ளாட்சி தருகிற சான்று, அது இருந்தால்தான் கரண்ட், தண்ணீர், சாக்கடை இணைப்பு. வங்கிகளும் அதைப் பார்த்துத்தான் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும். அதை ஒட்டி கர்நாடகத்தில் 2025 வசந்தத்திலிருந்தே ஓ.சி. இல்லாத புதுக் கட்டடங்களுக்கு மீட்டர் கொடுப்பது நின்றுபோய், கட்டி முடித்த ஆயிரக்கணக்கான பேர் தற்காலிக இணைப்பில் காலம் தள்ளினார்கள். தற்காலிக இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தை விட அதிகம். எனவே வீடு கட்டுகிறவர்கள் மீட்டரிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டிய காலம் இது. மீட்டருக்கு ஓ.சி., ஓ.சி.க்குப் பிளான்படி கட்டியது, பிளானுக்கு காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), காத்தாவுக்குப் பத்திரமும் வாரிசும். கடப்பாரை எடுப்பதற்கு முன்னால் இந்த வரிசையில் எது அறுந்து கிடக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

"பழைய மீட்டர்லேர்ந்தே ஒரு ஒயர் இழுத்துக்கலாமே" என்று பக்கத்தில் பலர் சொன்னார்கள். அம்மா மட்டும் இருக்கிற வரை ஓடும். வாடகைக்கு விடும்போதுதான் தெரியும். கிருஹ ஜோதி என்கிற மாநில அரசின் இலவச மின்சாரத் திட்டம் வந்த பிறகு பெங்களூரில் வாடகைக்கு வருகிறவர்களின் முதல் கேள்வியே தனி மீட்டர் உண்டா என்பதுதான். மாதம் 200 யூனிட் உச்ச வரம்பு. ரெண்டு குடும்பம் ஒரு மீட்டரில் இருந்தால் அதைத் தாண்டி முழு பில்லும் நம் தலையில்.

எங்கள் வரிசையில் அறுந்து கிடந்தது காத்தா. ஏ காத்தாதான், ஆனால் அப்பா பெயரில். அதை அம்மா, நான், தம்பி பெயருக்கு மாற்ற இறப்புச் சான்று, நாடகச்சேரி என்கிற வருவாய்த் துறை ஆபீஸில் வாங்குகிற வம்ச விருட்சம் (குடும்ப வாரிசுப் பட்டியல்), தம்பி சம்மதம், பத்திரப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் எடுத்த ஈ.சி. (வில்லங்கச் சான்று), வரி கட்டிய ரசீது எல்லாம் வேண்டும். அதன்பின் இ-காத்தா, அதாவது ஆன்லைன் காத்தா. இங்கே நம்ம ஆட்களுக்கு அடிக்கடி வருகிற ஒரு தலைவலி உண்டு, இனிஷியல். பத்திரத்தில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல், வரி ரசீதில் பின்னால், கன்னடத்தில் எழுதியவர் கடைசி எழுத்தை விட்டுவிட்டார். அம்மா ஆதாரில் அப்பா பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இ-காத்தாவுக்கு ஆதார் சரிபார்ப்பு உண்டு, பெயர் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். நோட்டரி அபிடவிட் போட்டு, ஆதாரைத் திருத்தி, மறுபடி ஏற்றி, இதிலேயே கோடைக்காலம் போனது. வீடு கட்டுகிற எண்ணமே இல்லாவிட்டாலும் இந்த ஒரு வேலையை இந்த வாரமே ஆரம்பித்து வையுங்கள். பி காத்தா வைத்திருக்கிறவர்களுக்கு என்ன வழி என்று பலர் கேட்கிறார்கள்: பி என்பது வரி வசூலுக்காக வைத்திருக்கிற பதிவேடு, அதை வைத்துப் பிளான் அனுமதி வாங்க முடியாது. முதலில் ஏ காத்தாவாக மாற்றுகிற வேலையை முடித்துவிட்டுத்தான் கட்டுகிற பேச்சு.

இனி பின்வீடு இல்லை என்று ஆன பிறகு என்ன செய்வது? ஆர்க்கிடெக்ட் திட்டத்தையே தலைகீழாகப் புரட்டினார். அம்மா மேலே போக முடியாது, நாங்கள் போகலாமே. தரைத்தளத்தில் ஒரு பகுதியைத் தடுத்து அம்மாவுக்குச் சமையலறையோடு தனி வாசல், மிச்சம் ஹால் பொதுவாக. நாங்கள் முதல் மாடியில் புதிதாக 900 சதுர அடி. செட்பேக் தொல்லை இல்லை, அஸ்திவாரம் புதிதாக வேண்டாம், தென்னையும் பிழைத்தது. அம்மாவுக்கு முதலில் மனசு ஒப்பவில்லை, தன்னைக் கீழே விட்டுவிட்டு நாங்கள் மேலே போகிறோம் என்று ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வரைபடத்தில் அவர் அடுப்பு எங்கே வருகிறது என்று காட்டிய பிறகு ஜன்னல் கிழக்கே வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மாடி என்றால் கீழ்வீடு தாங்குமா என்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து பெங்களூர் வீடுகள் பலவற்றில் காலம் கிடையாது. சைஸ் கல் அஸ்திவாரம், மேலே சுவரே பாரம் தாங்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து வீட்டு மூலையில் ஒரு குழி தோண்டச் சொல்லி, கல் எத்தனை வரிசை போயிருக்கிறது, அடியில் கெட்டி மண்ணா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கையில் ஒரு சின்னக் கருவியை வைத்து ஸ்லாபில் இடம் இடமாகத் தட்டினார். ஒரு மாடிக்குத் தாங்கும், ஆனால் கீழே சுவர் இருக்கிற இடத்தில்தான் மேலே சுவர் வர வேண்டும், பாத்ரூம் குழியைத் தாழ்த்தி மண் கொட்டக் கூடாது, ரெண்டாவது மாடி பற்றி நினைக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். 1,150 கட்டாமல் 900த்தோடு நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் கிளம்பியது. புதுப் பிளான் போடும்போது பழைய வீடும் சேர்த்துத்தான் அளப்பார்கள். 1994 பிளானில் இல்லாத ஒரு கக்கூஸை அப்பா பின் செட்பேக்கில் கட்டியிருந்தார். 30 வருஷமாக யாரும் கேட்காததால் அது சட்டம் ஆகிவிடவில்லை. இடித்தோம். அக்ரம-சக்ரம என்கிற கர்நாடக அரசுத் திட்டத்தில் வரைமுறைப்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். அந்தத் திட்டத்துக்கு 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. அதை நம்பி யாரும் செங்கல் வைக்காதீர்கள்.

பிளான் அனுமதி நான் பயந்த அளவுக்கு இல்லை. 50க்கு 80 வரைக்கும் உள்ள சைட்டில் வீடு கட்ட நம்பிகே நக்‌ஷே என்று ஒரு முறை 2024இல் வந்தது. பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினியர் ஆன்லைனில் பிளானை ஏற்றி, கட்டணம் கட்டினால் தற்காலிக அனுமதி உடனே வரும், அதிகாரிகள் பிறகு சரிபார்ப்பார்கள். ரெண்டு வீடு என்றே காட்டினோம். கட்டணத்தோடு தொழிலாளர் நல செஸ் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம்; 2025 நவம்பர் வரை இருந்த விதிப்படி சொந்தக் குடியிருப்புக்குப் பத்து லட்சத்துக்குள் செலவு என்றால் அது கிடையாது, எங்களுக்கு அதைத் தாண்டிவிட்டது.

புது மேஸ்திரியிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டேன். பிளானின் பெரிய பிரிண்டைக் கேட்டிலேயே மாட்டினேன். அப்படியும் ஒருநாள் பால்கனியை ஒன்றரை அடி வெளியே இழுத்து ஷட்டரிங் அடித்திருந்தார்கள், "துணி காயப் போட உபயோகமா இருக்கும் மேடம்" என்று. கழற்றச் சொன்னேன். அப்போது மாநகராட்சி பைலாவில் (கட்டட விதிகளில்) அனுமதித்த விலகல் 5 சதவீதம்தான், அதுவும் அபராதத்தோடு. சின்ன சைட்டில் ஒரு அடி என்பதே அதைத் தாண்டிவிடும்.

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியான பி.பி.எம்.பி. போய் அஞ்சு மாநகராட்சியாகப் பிரிந்தபோது கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று தேடுவது ஒரு தனி வேலையாகியது. பிரிவுக்கு முன் கொடுத்த எல்லாவற்றுக்கும் ரசீது நம்பர் வைத்திருந்ததால் தப்பித்தேன். அக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது: 1,200 சதுர அடி வரையிலான சைட்டில் தரைத்தளமும் ரெண்டு மாடியும் வரை கட்டுகிற வீடுகளுக்கு ஓ.சி. தேவையில்லை என்று மாநில அரசு விலக்கு கொடுத்தது. தெருவில் எல்லோரும் எனக்கு போன் செய்து வாழ்த்தினார்கள். எங்கள் சைட் 2,400. 30க்கு 40 வைத்திருக்கிறவர்களுக்கு நல்லதுதான், ஆனால் விலக்கு ஓ.சி.க்குத்தான், பிளானுக்கு இல்லை. அதையும் சேர்த்துத் தள்ளுபடி என்று மேஸ்திரிகள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

முடித்த ஒரு மாதத்துக்குள் ஆர்க்கிடெக்டின் நிறைவுச் சான்றோடு ஓ.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். பார்க்க வருவதற்கு முன் செட்பேக்கில் கிடக்கிற சிமெண்ட் ஷெட், ஷீட், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அளக்கிறவர் கண்ணில் அது கட்டடம்தான். மழைநீர் சேகரிப்பும் தயாராக இருக்கட்டும். 2,400 சதுர அடி சைட்டில் பழைய வீடாக இருந்தாலும் அது கட்டாயம், புது வீடு என்றால் 1,200லிருந்தே கட்டாயம். மாடிக் குழாயை ஃபில்டர் வழியாகச் சம்பில் விட்டோம். குடிநீர் வாரியத்தில் புது மாடிக்கு என்ன கூடுதல் கட்டணம் என்பதையும் வேலை தொடங்கும்போதே கேட்டு வைத்தால் கடைசியில் பணம் புரட்ட ஓட வேண்டாம்.

போனது எவ்வளவு என்றால்: அட்வான்ஸில் சண்டை போட்டு 90,000 வாங்கினேன், 2,10,000 போனது. அந்த ஐம்பதாயிரம். கான்கிரீட்டை உடைத்துக் குழியை மூட 35,000. வாங்கிப் போட்ட கம்பியைப் பாதி விலைக்கு விற்றதில் 40,000. தனியாக எழுதிக் கையெழுத்து வாங்காததால் மேஸ்திரி மேல் வழக்குப் போட்டாலும் நிரூபிப்பது கஷ்டம் என்றார் வக்கீல். அட்வான்ஸை வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பிரித்து, வங்கி வழியாக, எதற்கு என்று குறிப்பு எழுதியே அனுப்புங்கள். ரெண்டாவது மேஸ்திரிக்கு அப்படித்தான் கொடுத்தேன், அவர் முணுமுணுத்தாலும் வாங்கிக்கொண்டார்.

ஓ.சி. வந்ததும் ரெண்டு மீட்டர் கிடைத்தது. இப்போது மிச்சம் இருப்பது சொத்து வரி. கூடின 900 சதுர அடியைச் சேர்த்து வரிப் படிவத்தைத் திருத்த வேண்டும், இ-காத்தாவிலும் ஏற்ற வேண்டும். வாடகைக்கு விட்ட பகுதிக்குச் சொந்தக் குடியிருப்பை விட வரி கூடுதல் என்பதால், அதை எந்த மாதத்திலிருந்து காட்டுவது என்று அம்மாவும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் யாருக்கும் விடப் போவதில்லை என்கிறார்.